தள்ளுபடி ஆன சூரியோதயம்

இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். அவற்றில் சரியென்று நின்றவை ஒன்பது. தப்பென்று தெரிந்தவை நூற்று முப்பத்தொன்று. மீதி எழுபத்திரண்டும் இன்னும் நிலுவையில். 2007 மார்ச்சிலிருந்து 2021 டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கு ஒன்றாக அறுபது இதழ்கள் வெளிவந்த ‘மேல்முறையீடு’ என்ற வானியல் பத்திரிகையின் நிலவரம் இது. அதற்கு ஆசிரியர், டைப் அடிப்பவர், மடித்துப் பின் குத்துபவர் எல்லாமே ஒருவர்தான். திண்டிவனம் தாலுகா அலுவலக வாசலில் முப்பத்து நான்கு வருடமாக மனு டைப் அடிக்கும் ஆரோக்கியசெல்வி.

பத்திரிகை நின்று மூன்று வருடம் ஆகிவிட்டது. அறுபது இதழுக்கும் இதழுக்கொரு பிரதி அவர் வீட்டில் மூன்று தகரப் பெட்டிகளில் இருக்கிறது. வேறு எங்கும் முழுத் தொகுப்பு கிடையாது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, அவற்றை ஸ்கேன் செய்து தன் இணையதளத்தில் வைத்துக்கொள்ள முன்வந்தது. இந்த மார்ச் 12ஆம் தேதி, புதன்கிழமை, அதற்கான கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தார் காயத்ரி. அந்தக் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். பத்தாம் வகுப்பு படிக்கும்போது விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இலவசமாகக் கிடைத்த ‘மேல்முறையீடு’ இதழை எடுத்துப் படித்தவர். பிறகு கைக்குக் கிடைத்த இதழை எல்லாம் சேர்த்து வைத்தவர்; கல்லூரிக் குழு படித்துப் பார்த்தது அந்தக் குறைத் தொகுப்பைத்தான்.

ஆரோக்கியசெல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாசித்தார். மற்றவர்கள் எழுதிய கடிதத்தில் தப்பு தேடுவது அவருடைய தொழில். இதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இரண்டாவது பக்கத்தில் மட்டும் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு: ‘நீக்கப்பட வேண்டியவை.’ இருநூற்று மூன்று கட்டுரைகள்.

“எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லித்தான் கேட்டேன் அக்கா. குழுவுல ஒம்போதுக்குத்தான் ஒத்துக்கினாங்க. சரின்னு ஆனது மட்டும் போதுமாம். காலேஜ் பேர்ல தப்புத் தப்பா வானியல் போட்டா, நாளைக்கு எவனாவது அதை போட்டோ புடிச்சு போட்டுக் கேலி பண்ணுவான்னு பயப்படறாங்க.”

“மீதி?”

“மீதி உங்ககிட்டயே இருக்கட்டும்னு…”

“எங்கிட்டன்னா கரையான்கிட்டன்னு அர்த்தம்.”

காயத்ரி சிரிக்கவில்லை. “திங்கக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடுது. அதுக்குள்ள நீங்க கையெழுத்து போட்டுக் குடுத்தா ஒம்போதாவது தங்கும். இல்லேன்னா இந்த வருஷம் பேச்சே கிடையாது அக்கா.”

ஆரோக்கியசெல்வி பேனாவை எடுத்தார். எடுத்த கையோடு கீழே வைத்துவிட்டார். பட்டியலில் முதல் பெயர் பச்சமுத்து. மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துக்காரர். பெயருக்கு நேரே குழு எழுதியிருந்த குறிப்பு: ‘சில நாட்களில் சூரியன் முன்கூட்டியே உதிப்பதாகக் கூறுகிறார். திருத்தம் எதுவும் இல்லை.’

“திருத்தம் இருக்கே” என்றார் ஆரோக்கியசெல்வி.

அன்று மாலை வீட்டுக்குப் போய் இரண்டாவது பெட்டியைத் திறந்தார். 2016 ஜூன் இதழ். மூன்றாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை வெறும் மண்ணாக இருந்தது. துருப்பிடித்த மூலை வழியாகக் கரையான் எப்போதோ உள்ளே வந்து, தின்றுவிட்டும் போயிருந்தது.

கணவர் புகழேந்தி எட்டிப் பார்த்தார். வயர்மேன் வேலை பார்ப்பவர். “இன்னாமே, ஒம்போதாவது மிஞ்சுதே. கையெழுத்தைப் போட்டுட்டுப் பொட்டியைக் காலி பண்ணு. நான் என் டூல்ஸை வெச்சுக்கறேன்.”

“ஒருத்தர் பேரை அடிக்கறதுக்கு முன்னாடி அவருக்கு நோட்டீஸ் குடுக்கணும். குடுக்காம அடிச்சா அந்த மனுவே செல்லாது.”

“இது கோர்ட்டா?”

“எனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

அது உண்மைதான். ஒலக்கூர் பக்கத்தில் ஒரு காலனியில் 1968இல் பிறந்தவர் ஆரோக்கியசெல்வி. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்காரர்கள். நடவுக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் போவார்கள். பள்ளிப்படிப்பு முடிந்ததும், ஊர்ப் பங்குச் சாமியார் சொன்னார் என்று திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் செய்தார். அரசு வேலைக்கு நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டு, 1991இல் தாலுகா அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை. பக்கத்திலேயே கோர்ட் இருந்ததால் வக்கீல்களும் வேலை கொடுத்தார்கள். வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள்; ஐந்து மணிக்குள் மனு உள்ளே போயாக வேண்டும். அழுதுகொண்டே கதை சொல்பவரிடம், “மொதல்ல தேதி சொல்லுங்க” என்று கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அதில் அவரை மிஞ்ச அந்த வாசலில் ஆள் இல்லை.

2006இல் சுப்பராயலு வந்தார். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர்; எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியேறியது என்று எழுதுவது வேலை. வீடு திண்டிவனத்தில். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து டைப் அடிக்கச் சொன்னார். ஏதோ பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. வேறு பத்திரிகைக்கு என்று மறுபடி அடிக்கச் சொன்னார். அதுவும் திரும்பியது. ஐந்தாவது முறை வந்தபோதுதான் ஆரோக்கியசெல்வி கேட்டார்: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல இன்னாதான் எழுதியிருக்குது?”

“சனி கிரகத்துக்கு வளையம் இருக்குது இல்ல? அது புதுசும்மா.”

“வாங்கினதா?”

“கேலி பண்ணாத. என் ரூம்ல ஒரு சன்னல் கண்ணாடி இருக்குது. காலைல தொடச்சா சாயங்காலம் தூசி. ஒரு வாரம் வுட்டா பஸ்ஸு போர்டே தெரியாது. வானத்துலயும் தூசி இருக்குது, வுழுந்துக்கினே இருக்குது. சனி பொறந்தப்பவே வளையமும் பொறந்திருந்தா இந்நேரம் கருப்பாயிருக்கணும். அது இன்னும் பளபளன்னு இருக்குது. அப்ப அது பின்னாடி வந்ததுதானே?”

ஆரோக்கியசெல்விக்குச் சனியைப் பற்றி எதுவும் தெரியாது. தூசியைப் பற்றித் தெரியும். “யாராவது தெனம் தொடச்சுக்கினு இருந்தா?”

சுப்பராயலு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். ஐந்து பத்திரிகைகளும் ‘ஏற்பதற்கில்லை’ என்று ஒரு வரிதான் எழுதியிருந்தன. இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

“கோர்ட்டுல தள்ளுபடி பண்ணாக்கூட காரணம் எழுதுவாங்க சார்” என்றார் ஆரோக்கியசெல்வி. “காரணமே இல்லாம திருப்பினா, மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அப்படித்தான் பெயர் வந்தது. பதினாறு பக்கம், முந்நூறு பிரதி, ஜெராக்ஸ். முதல் இதழின் முதல் கட்டுரை சனியின் வளையம். அதற்கு ஆரோக்கியசெல்வி தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தைக் கொடுத்தார். மனுதாரர் யார், என்ன தொழில்? என்ன பார்த்தார், எந்தத் தேதியில்? அதிலிருந்து என்ன சொல்கிறார்? கடைசியாக ‘எதிர்த்தரப்பு’ என்று ஒரு கட்டம். அதை நிரப்ப வேண்டியவரும் மனுதாரரேதான். நான் சொல்வது தப்பு என்று எதிராளி எதை வைத்துக் காட்டலாம், தேதி சொல்ல முடிந்தால் எந்தத் தேதிக்குள் காட்டலாம் என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் கட்டுரை திரும்பிவிடும். நிரப்பியிருந்தால், உள்ளே எது இருந்தாலும் அச்சாகும். அந்தத் தேதி வந்ததும், அல்லது விடை தெரிந்ததும், முடிவை முதலில் போட்ட அதே அளவில் போட வேண்டும்.

சுப்பராயலு தன் கட்டத்தில் எழுதியது: ‘வளையத்தை யாராவது, அல்லது ஏதாவது, துடைத்துக்கொண்டே இருப்பதாகக் காட்டினால் நான் தோற்றேன்.’ பத்து வருடம் கழித்துச் சனிக்குப் போன விண்கலம் அனுப்பிய அளவுகளை வைத்து, வளையம் இளசுதான் என்று விஞ்ஞானிகளில் ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, அழுக்கு அவ்வப்போது கழன்றுவிடுகிறது என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். அதனால் அந்தக் கட்டுரை இன்றும் நிலுவையில் இருக்கிறது. குழுவின் நீக்கப் பட்டியலிலும் இருக்கிறது.

இதழ் போய்ச் சேர்ந்த வழி பேருந்துதான். சுப்பராயலு பத்துப் பத்தாகக் கட்டி, செஞ்சி வண்டி, மரக்காணம் வண்டி, திருக்கோவிலூர் வண்டி என்று நடத்துநர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் டீக்கடை, சலூன், மண்டி என்று கண்ட இடத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். கட்டுரைகளும் அதே வண்டிகளில் திரும்பி வரும். எக்ஸாம் அட்டையில் செருகி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒருமுறை வெண்டைக்காய்ப் பைக்குள்ளிருந்து. செஞ்சியில் ஒரு தையற்காரர், பால்வீதியின் சுருள் கைகள் தனிப் பொருள் இல்லை, பாவாடையில் ஓடும் மடிப்பு மாதிரி என்று எழுதினார். மண்டகப்பட்டுக் குகைக் கோயில் வாசலில் விழும் நிழலைப் பென்சிலால் குறித்துவந்த ஒருவர், பூமியின் சாய்வு வருடா வருடம் மாறுவதாக எழுதினார். அடுத்த வருடம், தான் குறித்த கல்லை யாரோ நகர்த்தியிருப்பதை அவரே கண்டுபிடித்து எழுதினார். திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை எடை போடுபவர் 2010இல் அனுப்பியது ஒன்றரைப் பக்கம்தான்: வால்நட்சத்திரம் உருண்டையாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு உருண்டை மெதுவாக வந்து ஒட்டி, இரட்டைப் பருப்பு மல்லாட்டை போல இருக்கலாம். நான்கு வருடம் கழித்து ஒரு வால்நட்சத்திரத்தைச் சுற்றிய விண்கலம் அனுப்பிய படத்தில் கிட்டத்தட்ட அதே உருவம் இருந்தது. ஒன்பதில் அது ஒன்று. அன்று மண்டியில் எல்லோருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்ததாகவும், யாருக்கும் எதற்கென்று புரியவில்லை என்றும் சொல்வார்கள்.

இதழ் தயாராகும் ஞாயிறுகளைத்தான் ஆரோக்கியசெல்வி இன்றும் அதிகம் நினைக்கிறார். பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் பாய் விரித்து, நான்கு நான்கு பக்கமாக அடுக்கி, மடித்து, பின் குத்துவது. சுப்பராயலு இன்னும் அடுக்காத பக்கங்களை எடுத்து வாய்விட்டுப் படிப்பார். புகழேந்தி கறி வெட்டிக்கொண்டே எதிர்த்தரப்பு பேசுவார். “செவ்வாயில தண்ணி இருந்திச்சின்னா தண்ணி லாரி எங்க?” என்று அவர் ஒருமுறை கேட்டது அப்படியே அச்சிலும் வந்தது. வரிசையில் நின்று மனு வாங்கிப்போகும் நாற்பது பேரும் தங்களுக்கு ஏதாவது வேண்டும் என்று வருபவர்கள். இந்தக் கட்டுரைக்காரர்கள் மட்டும் எதுவும் கேட்டதில்லை. ஒருவர் உட்கார்ந்து படித்தால் போதும் என்றார்கள். அந்தப் பதினைந்து வருடம் போல இனி வராது என்பது அவருக்குத் தெரியும். 2020இல் சுப்பராயலு இறந்துபோனார். கட்டுகளைப் பேருந்தில் ஏற்ற ஆள் இல்லை. வலது கட்டைவிரல் மூட்டு வீங்க ஆரம்பித்தது. அறுபதாவது இதழோடு நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மேசையைப் பூட்டிவிட்டு மரக்காணம் வண்டி ஏறினார். பிரம்மதேசம் தாண்டும்வரை நின்றுகொண்டுதான் போக முடிந்தது. கையில் குழுவின் பட்டியல். பச்சமுத்து ஒருவேளை சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தார். ஏனென்றால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு குப்பத்தில் அவருக்கு வேறு பெயர் வந்திருந்தது.

விஷயம் இதுதான். பச்சமுத்து 2013இல் முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை நிறுத்தியவர். ஆனால் விடியலில் எழும் பழக்கம் போகவில்லை. வானொலிச் செய்திக்கு முன் வரும் பீப் ஒலிக்குக் கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, கடலில் சூரியன் எட்டிப் பார்க்கும் நொடியைக் குறிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நாளும் சூரியன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற அட்டவணையை, நொடி சுத்தமாக, சுப்பராயலு போட்டுக் கொடுத்தார். 2015இன் முதல் நான்கு மாதங்களில் மேகமில்லாத எண்பத்து மூன்று காலைகள். அதில் படகுகள் கடலுக்குப் போகாத முப்பத்தொரு நாட்களிலும் சூரியன் சுமார் இருபது நொடி முந்தி வந்தது. காற்றும் நீரோட்டமும் கெடுவதற்கும் சூரியன் முந்துவதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்றார் பச்சமுத்து. கடல் மேல் காற்றின் சூடு மாறினால் ஒளி வளையும், சூரியன் முந்தித் தெரியலாம் என்பது உண்மைதான். அதனால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளவும் முடியவில்லை. எதிர்த்தரப்புக் கட்டத்தில் அவர் எழுதியது: ‘அடுத்த வருஷம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் மறுபடி பார்ப்பேன். இருபது நொடி வராவிட்டால் நான் சொன்னது பொய்.’

2015 ஜூன் இதழில் வந்தது. குப்பத்துப் பையன்கள் அவருக்கு ‘இருபது செகண்டு’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆரோக்கியசெல்வி போனபோது அவர் வீட்டு வாசலில் நைலான் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தொட்டுவிட்டது. மனைவி கிளியம்மாள் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அட, டைப்பம்மா! வாங்க வாங்க. இன்னா இவ்ளோ தூரம்? ஏ கிளி, சேர் போடு.”

“நீயே எழுந்து போடு. என் கையெல்லாம் கவிச்சி.”

ஆரோக்கியசெல்வி உட்காரும் முன்பே விஷயத்தைச் சொன்னார். கல்லூரி, குழு, ஒன்பது, இருநூற்று மூன்று. “உங்க கட்டுரையை எடுத்துடப் போறாங்க. சொல்லாம எடுக்கக் கூடாதுன்னு வந்தேன். உங்களுக்கும் நல்லதுதானே? அந்தப் பேரு போயிடும்.”

“எந்தப் பேரு?”

“இருபது செகண்டு.”

பச்சமுத்து சிரித்தார். “அது எங்கம்மா போவும்? என் பேரன் ஸ்கூல்லயே அவனை ‘இருபது செகண்டு பேரன்’னுதான் கூப்பிடறானுங்க. அது இருக்கட்டும். எதை எடுக்கறாங்க? தப்பா எழுதினதையா, திருத்தி எழுதினதையா?”

“ரெண்டையுந்தான்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“அது எப்டிம்மா? தப்பு சொன்னவனும் நான், கண்டுபுடிச்சவனும் நான். தப்பை எடுத்தா நான் கண்டுபுடிச்சதும்ல போவுது? பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எவனும் வந்து சொல்லல. நானா பார்த்தேன், நானா எழுதிப் போட்டேன். பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?”

“நீ பார்த்தியா?” என்றார் கிளியம்மாள் கருவாட்டுப் பக்கமிருந்து. “நான் பார்த்தேன். நீ கீழ நின்னுக்கினு எண்ணிக்கினு இருந்த.”

அதுவும் உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நிவாரணச் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டார்கள். மேட்டில் நிற்கும் உயரமான கட்டடம். கடலுக்குப் போகாத நாளில் ஆம்பிளைகள் எல்லோரும் அதன் மொட்டைமாடியில்தான் உட்கார்ந்து வலை பார்ப்பார்கள், சீட்டாடுவார்கள். போகிற நாளில் கரையில் அலைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பச்சமுத்துவும் அப்படித்தான், கடலுக்குப் போகாவிட்டாலும் ஊரோடு சேர்ந்து மேலே ஏறுவார், ஊரோடு கீழே நிற்பார். 2016இல் மாடி பூட்டிக் கிடந்ததால் எல்லா நாளும் கரையிலேயே நின்றார். மேகமில்லாத ஐம்பத்தேழு காலைகள். இருபது நொடி ஒரு நாளும் வரவில்லை.

தான் பொய் சொன்னதாக எழுதி அனுப்பியிருக்கலாம். கட்டத்தில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் போன வருடம் வந்தது எங்கே போயிற்று என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஏப்ரல் கடைசியில் மாடி திறந்ததும் கிளியம்மாளை மேலே ஏற்றிவிட்டு, தான் அலையோரம் நின்றார்.

“நான் அங்கிருந்து கத்தறேன், ‘ஏ மனுசா, வந்துடுச்சி!’ன்னு. இவரு கீழேர்ந்து, ‘எங்கடி? ஒண்ணும் இல்லியே!’ன்னு கத்தறாரு. ஊரே பார்க்குது. எனுக்கு சூரியன் நல்லா செவப்பா தெரியுது. இவருக்கு வெறும் கடலுதான்.”

“எண்ணினேம்மா” என்றார் பச்சமுத்து. “ஒண்ணு, ரெண்டு, மூணு… பத்தொம்போதுன்னப்ப எனுக்கு வந்துது.”

“உனுக்கு முன்னாடி எனுக்கு விடிஞ்சிடுச்சி. நாப்பது வருஷத்துல அன்னிக்குத்தான்.”

உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. அதனால் சூரியன் முந்தித் தெரிகிறது. புத்தகத்தில் உள்ள விஷயம்தான். இருபது நொடி வந்தது கடலால் இல்லை, படிக்கட்டால். அதை 2016 ஜூன் இதழில் பச்சமுத்து ஆறு பக்கம் எழுதினார். கரையான் தின்றது அந்த ஆறு பக்கத்தைத்தான்.

ஆரோக்கியசெல்வி அதைச் சொன்னபோது கிளியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த இதழை எடுத்துவந்தார். ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

“குடுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

“பேஜாரு புடிச்ச வேலை” என்று கிளியம்மாள் இதழைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஆபீசுக்குப் போன காயிதம் எது திரும்பி வந்திருக்குது? உங்க செல்லுல போட்டோ எடுத்துக்கோங்க. எல்லாத்தையும் வெச்சுக்கறோம்னு அவங்க சொல்லட்டும். அப்ப வாங்க, குடுக்கறேன்.”

சனிக்கிழமை காலை, வீங்கிய கட்டைவிரலோடு, ஆரோக்கியசெல்வி குழுவுக்கு ஒரு மனு அடித்தார். மனுதாரர், தொழில், தேதி, சங்கதி. கோரிக்கை ஒன்றே ஒன்று: கோர்ட்டில் தள்ளுபடி ஆன மனுவைக் கிழித்துப் போடுவதில்லை, தள்ளுபடி என்று முத்திரை குத்தி, காரணத்தை எழுதி, அதே கட்டில் வைக்கிறார்கள், கல்லூரியும் அப்படியே செய்யட்டும். ஆதாரமாகப் பச்சமுத்துவின் ஆறு பக்கப் படங்கள். பிறகு எதிர்த்தரப்புக் கட்டம். பதினைந்து வருடம் மற்றவர்களை நிரப்பச் சொன்ன கட்டத்தில் அவர் உட்கார்ந்து எழுதியது இது: ‘மாணவர்கள் தப்பான கட்டுரையை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு திருத்தத்தை விட்டுவிடலாம். குழுவின் இந்தப் பயம் நியாயமானது. முத்திரை இருந்தும் அப்படி ஒருமுறை நடந்தால், ஒன்பதைத் தவிர மற்றவற்றை எடுத்துவிட நான் சம்மதிக்கிறேன்.’

புகழேந்தி வாசித்துப் பார்த்தார். “நீயே அவங்களுக்கு வழி காட்டிக் குடுக்கற மாதிரி இருக்குதே.”

“அதான் சட்டம்.”

“ஒம்போதும் போச்சுன்னா?”

ஆரோக்கியசெல்வி ஒரு உறையை எடுத்தார். நீக்கப் பட்டியலில் கையெழுத்துப் போடாமல், மனுவோடு சேர்த்து உறையில் வைத்து, விழுப்புரம் வண்டி நடத்துநரிடம் கொடுத்தார். சுப்பராயலுவைத் தெரிந்த நடத்துநர். “பழையபடி ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு உறையைக் கைப்பையில் செருகிக்கொண்டார்.

திங்கள் மாலை நாலரைக்குக் காயத்ரியின் போன் வந்தது. வரிசையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

“அக்கா, ஒண்ணரை மணி நேரம் சண்டை. தலைவர் கடைசில உங்க எதிர்த்தரப்புக் கட்டத்தை வாய்விட்டுப் படிச்சாரு. ‘நாம சொல்ல நெனச்சதை இவங்களே எழுதிட்டாங்களே, இனி நாம இன்னா பேசறது?’ன்னாரு. எல்லாத்தையும் எடுத்துக்கறாங்க. ஆனா பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. திருத்தம் எந்தப் பக்கம்னு அதுக்குக் கீழயே போடணுமாம்.”

“சரி” என்றார் ஆரோக்கியசெல்வி. அடித்துக்கொண்டிருந்த வரியையே இன்னொரு முறை அடித்துவிட்டார். எதிரில் நின்ற முதியவர், தன் மனுவில்தான் ஏதோ பிரச்சினை என்று பயந்துபோனார்.

இரவு பச்சமுத்துவுக்குப் போன் செய்து சொன்னார்.

“சீல் குத்துவாங்களா? தள்ளுபடின்னா?”

“ஆமாங்க. உங்களுக்கு வருத்தம் இருந்தா…”

“நல்லா தெரியற மாதிரி குத்தச் சொல்லுங்கம்மா. செவப்பு மையில.” பின்னாலிருந்து கிளியம்மாள் ஏதோ கத்துவது கேட்டது. “அவ பேரையும் அதுல போடணுமாம். மாடியில நின்னவ அவதானாம்.”

திண்டிவனத்தில் மூன்று ரப்பர் முத்திரைகள் தயாராகிவிட்டன: உறுதி, தள்ளுபடி, நிலுவை. ஸ்கேன் செய்யும் வேலை ஜூன் 16, திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆரோக்கியசெல்வி மரக்காணம் வண்டியில் போய் அந்த ஒரு இதழை வாங்கி வருகிறார். திருப்பிக் கொடுப்பதாக அவர் கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது என்று கிளியம்மாள் சொல்லியிருக்கிறார். ரசீது அடித்து வைத்தாயிற்று.